விளக்கேந்தி நின்றவன்: கிறித்து பிறப்பு ஓவியங்களில் ஒளியும் அணுக்கமும்

ஆடல்வல்லான் திருக்கூத்து நிகழும் அம்பலங்கள் ஐந்து என்பது தமிழகத்தார் அறிந்த வழக்கு. தில்லையில் பொன்னம்பலமும், மதுரையில் வெள்ளியம்பலமும், திருவாலங்காட்டில் மணியம்பலமும், திருநெல்வேலியில் தாமிர அம்பலமும், திருக்குற்றாலத்தில் சித்திர அம்பலமும் அவ்வைந்தாம். இவற்றுள் குற்றாலத்திற்கே உரியதொரு தனித்தன்மை உண்டு. ஈண்டு இறைவன் சுவரில் எழுதிய ஓவியமாகவே நின்று வழிபாடு ஏற்கின்றான். குற்றாலநாதர் கோயிலினின்றும் சற்றே விலகி, குளத்தின் அருகே, செப்புத் தகடு வேய்ந்த கூரையுடன் விளங்கும் அச்சபையில் மார்கழித் திருவாதிரை விழாவின்போது தாண்டவ தீபாராதனை நிகழும்.

தென்காசியை வாழிடமாகக் கொண்ட யான் அவ்வழிபாட்டைப் பன்முறை கண்டுள்ளேன். அவ்வேளையில் ஓவியம் முழுவதும் ஒருங்கே புலனாவதில்லை. தீபம் தாழும்போது திருவடியும், உயரும்போது திருமுகமும் தோன்றி மறையும். ஒளி சென்ற இடத்திற்கே கண்ணும் செல்லும். அங்கே ஒளியின் பிறப்பிடம் ஓவியத்தினுள் இல்லை. அதன் புறத்தே, அருச்சகர் ஒருவர் கையில் உள்ளது. விளக்கேந்தியவர் நமக்கும் ஓவியத்திற்கும் இடையே நிற்கின்றார். அவர் நின்றமையாலேயே நாம் காண்கின்றோம்.

அதே பருவத்தில், சின்னாள் முன்னோ பின்னோ, கிறித்தவர் இல்லங்களில் குடில் அமைக்கப்பெறும். பிறப்புக் காட்சியைத் தீட்டிய ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படிகளும் ஆங்காங்கே தோன்றும். அவ்வோவியங்கள் சிலவற்றை நுணுகி நோக்குவார்க்கு ஒரு செய்தி விளங்கும். அவற்றில் விளக்கு ஓவியத்தின் உள்ளேயே உள்ளது. அதனை ஏந்தியவனும் உள்ளேயே நிற்கின்றான். அவன் மரியாளின் துணைவனாகிய சூசை. இறைமகனே ஒளியாய்ப் பிறந்த இடத்தில் அவன் கையிலுள்ள மெழுகுதிரிக்கு என்ன பணி? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இவ்வோவியங்களில் பேரொளி வழிபாட்டு உணர்வைத் தருகின்றது. அணுக்கத்தைத் தருவதோ அப்பேரொளியின் அருகே மங்கிய சிறுவிளக்கே ஆகும். அச்சிறுவிளக்கை ஏந்தியவனையே பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது தமிழில் தோன்றிய தேம்பாவணி. இவ்விரண்டையும் இயைத்து நோக்குதலே ஈண்டு நாம் மேற்கொண்ட முயற்சி.

1. சிறுமையால் பிறக்கும் மருட்கை

ஓவியத்தை ஆராயப் புகும் தமிழ் மாணவர்க்கு அளவுகோல் வெளியே தேடவேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. பெரியது கண்டு வியத்தல் எவர்க்கும் இயல்பு. சிறியது கண்டும் வியப்புத் தோன்றும் என வரையறுத்தமையே அந்நூலாசிரியரின் நுண்மாண் நுழைபுலம்.

கிறித்து பிறப்புக் காட்சியில் இந்நான்கும் ஒருங்கே அமைகின்றன. கன்னி மகவு ஈன்றமை புதுமை. பிறந்தவன் இறைவன் என்பது பெருமை. அவன் கிடப்பது கால்நடைகளின் தீவனத் தொட்டியில் என்பது சிறுமை. வானவன் மானிடன் ஆனமை ஆக்கம். இவற்றுள் பெருமையைத் தீட்டுதல் ஓவியனுக்கு எளிது. பொன்னைப் பூசலாம், தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரையலாம், வானவர் கூட்டத்தை நிரப்பலாம். சிறுமையைத் தீட்டுதலே அரிது. சிறுமையை உணர்த்த இருள் வேண்டும். இருளை உணர்த்தச் சிறியதோர் ஒளி வேண்டும். பேரொளி காண்பாரைத் தொலைவில் நிறுத்தும். சிற்றொளியோ அருகே வந்தார்க்கே பயன்படும். ஆதலின் ஒரு பிறப்பு ஓவியத்தில் விளக்கு எத்துணைத் தொலைவு எட்டுகின்றது என அளப்பது, அவ்வோவியம் எத்துணை அணுக்கத்தை நமக்கு நல்குகின்றது என அளப்பதே ஆகும்.

2. மூலையில் அமர்ந்தவன்

பைசாந்தியத் திருவோவியங்களில் குகை கரிய வாயாகத் திறந்திருக்கும். மேலிருந்து விண்மீனின் கதிர் இறங்கும். நடுவே மரியாள் சாய்ந்திருப்பாள். சூசையோ கீழ்மூலையில் கையைக் கன்னத்தில் ஊன்றி அமர்ந்திருப்பான். அவன் எதிரே முதியன் ஒருவன் நிற்றலும் உண்டு. ஐயத்தைத் தூண்டும் சோதனையாளனாக அவனைக் கொள்வர். இத்தாலியப் பெருங்கலைஞர் ஜியோட்டோ, பதுவா நகரத்து ஸ்குரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் 1305ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய சுவரோவியத்தில் தாய் சேயின் பக்கம் திரும்பி அதனைத் தொடுகின்றாள். அணுக்கம் என்னும் பண்பு ஐரோப்பிய ஓவியத்தில் புகுந்தமைக்கு அஃது ஒரு நல்ல சான்று. எனினும் அங்கும் சூசை கீழே ஒதுங்கி அமர்ந்தே இருக்கின்றான்.

இந்நிலையை மாற்றியது ஓவியர் அல்லாத ஒருவரின் அகக்காட்சி. சுவீடன் நாட்டுப் பிரிஜித்தம்மையார் 1372ஆம் ஆண்டில் பெத்லகேமுக்கு யாத்திரை சென்றபோது பிறப்புக் காட்சி தமக்குத் தோன்றியதாக உரைத்தார். அவர் கூற்றின்படி, சூசை எரியும் மெழுகுதிரியொன்றைக் கொணர்ந்து சுவரில் பொருத்திவிட்டு, மகப்பேற்றின்போது உடனிருத்தல் தகாது எனக் கருதி வெளியே செல்கின்றான். குழந்தை பிறந்த அளவில் அதன் ஒளியின் முன் மெழுகுதிரியின் ஒளி ஒன்றும் இல்லாதது ஆகின்றது. பின்வந்த ஓவியர் பலர்க்கு இக்காட்சியே இலக்கணம் ஆயிற்று.

திஜோன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளதும், இராபர்ட் காம்ப்பின் வரைந்ததாகக் கருதப்பெறுவதுமான பிறப்பு ஓவியத்தில் சூசை மெழுகுதிரியை ஏந்தி, அதன் சுடரைக் கையால் மறைத்துக் காக்கின்றான். பின்னே மலைக்கு மேல் கதிரவன் தோன்றுகின்றான். கதிரவனும் உண்டு, குழந்தையும் உண்டு. அவற்றிடையே ஒரு திரி. வெளிச்சம் தருதல் அத்திரியின் வேலை அன்று. பேரொளிக்குத் தோற்றல் ஒன்றே அதன் வேலை எனக் கொள்வாரும் உளர். ஆயினும் அவன் கையைக் காண்க. தோற்கப்போகும் சுடரை அவன் காற்றினின்றும் காக்கின்றான். அந்தக் கையில் அன்பு உண்டு. தன் விளக்கு வேண்டப்படாதபோதும் அதனை அணையவிடாத அவன் செயலே காண்பார் நெஞ்சைத் தொடுகின்றது.

நெதர்லாந்து நாட்டுக் கீர்ட்கன் டாட் சிந்த் யான்ஸ் 1490ஆம் ஆண்டையொட்டித் தீட்டியதும் இன்று இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளதுமான இரவுக் காட்சி, 34 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் மட்டுமே உடைய சிறுபலகை. அதில் தொட்டியில் கிடக்கும் குழந்தையே விளக்கு. தாயின் முகமும், சூழ்ந்த சிறு வானவர் முகங்களும் கீழிருந்து ஒளி பெறுகின்றன. சூசை தாயின் பின்னே இருளில் நிற்கின்றான். இத்துணைச் சிறிய பலகையைக் காண விழைவார் அதன் அருகே குனிந்தே ஆதல் வேண்டும். குனிந்தபோது அவரும் தொட்டியைச் சூழ்ந்தவருள் ஒருவர் ஆகின்றார். படத்தின் அளவே அணுக்கத்தை விளைவிக்கும் நயம் இது.

இதற்கு மறுதலையாகக் கொரெஜியோ 1530ஆம் ஆண்டளவில் முடித்த பெரிய பீடவோவியத்தைக் கூறலாம். ‘திருவிரவு’ எனப் பெயர்பெற்று, இன்று திரெஸ்டன் நகரில் உள்ளது அது. அதிலும் குழந்தையினின்றே ஒளி எழுகின்றது. அவ்வொளியைத் தாங்காமல் ஒரு பெண் கையை உயர்த்திக் கண்ணை மறைக்கின்றாள். தாய் மட்டும் கூசாமல் நோக்குகின்றாள். கண் கூசுதல் தொலைவின் அறிகுறி. கூசாமை அணுக்கத்தின் அறிகுறி. ஒரே ஒளியை இருவர் ஏற்கும் வகையால் இரு உறவுகளைக் காட்டியமை கொரெஜியோவின் திறன். ஆனால் சூசை அங்கே பின்புறத்து இருளில் கழுதையோடு ஒதுங்கிவிட்டான். அவன் கையில் விளக்கும் இல்லை. காண்பாராகிய நாமும் கூசும் பெண்ணின் பக்கமே நிற்கின்றோம்.

3. தமிழ்மரபில் விளக்கும் ஓவியமும்

ஓவியத்தைச் சூழ நின்று வினாவியும் விடைகூறியும் மகிழ்தல் தமிழர்க்குப் புதிது அன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் கூறுகின்றது. காமன் இவன், இரதி இவள் எனச் சுட்டிக் காட்டுவாரையும், அகலிகை கதையை விளக்குவாரையும் அங்கே காண்கின்றோம். ஓவியத்திற்கும் காண்பார்க்கும் இடையே சுட்டுவான் ஒருவன் நிற்றல் அன்றே தொடங்கிய மரபு.

நெடுநல்வாடையோ இன்னும் ஆழ்ந்து செல்கின்றது. கணவனைப் பிரிந்த அரசி கட்டிலின் மேல் விதானத்தில் தீட்டிய ஓவியத்தை நோக்குகின்றாள். திங்களைப் பிரியாத உரோகிணி அதில் எழுதப்பட்டுள்ளாள். அதனைக் கண்டு அரசி நெடிதுயிர்க்கின்றாள்; கண்ணீர் அரும்புகின்றது. ஓவியத்தில் உள்ள அணுக்கம், காண்பாளின் தனிமையை அளந்து காட்டும் கோல் ஆகின்றது. அதே இரவில் பாசறையில் அரசன் புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். வாடைக்காற்று வீசுந்தோறும் விளக்கின் கொழுஞ்சுடர் தெற்கு நோக்கிச் சாய்கின்றது. படைத்தலைவன் வேலால் சுட்டிக் காட்டக் காட்ட, அரசன் ஒவ்வொருவராக அருகே சென்று காண்கின்றான். அவ்விரவில் அரசனுக்கு வேண்டியது முகம் காணும் அளவிற்கு ஒளி மட்டுமே. குளிரும் காற்றும் மிக்க இரவில் சாயும் சுடரொன்று மனிதரை எங்ஙனம் அருகே கொணரும் என்பதை நக்கீரர் அன்றே உணர்ந்திருந்தார்.

பிறப்புக் காட்சி எனின் சீவக சிந்தாமணியை மறத்தல் ஆகாது. கணவன் மடிய, விசயை சுடுகாட்டில் நள்ளிரவில் சீவகனை ஈன்றெடுக்கின்றாள். நரியின் ஊளை முழவாகவும், பிணஞ்சுடு தீ விளக்காகவும் அமைய, மன்னர்க்கு இயன்ற பிறப்பு இதுவோ என அரசி புலம்புகின்றாள். அரண்மனையில் பிறத்தற்கு உரியவன் அதனின் இழிந்த இடத்தில் பிறத்தல் என்னும் அமைப்பு, பெத்லகேம் காட்சிக்கு மிக நெருங்கியது. ஆனால் ஒளியின் இயல்பே வேறு. சுடுகாட்டில் ஒளி தருவது இறந்தாரின் ஈமம். அதனை ஏந்துவார் இலர், காப்பாரும் இலர். ஆதலின் அவ்வொளி அருகே அழைப்பதில்லை, அச்சத்தையே விளைவிக்கின்றது. தேவர் அவலத்தின் உச்சிக்கு அவ்வொளியைக் கருவியாக்கினார். விளக்கு இருந்தும் விளக்கேந்துவான் இல்லாத இடத்தில் அணுக்கம் இல்லை என்னும் நம் கருத்திற்கு இஃது எதிர்மறைச் சான்று ஆகின்றது.

ஈண்டு அகப்பொருள் மரபையும் எண்ணுதல் தகும். தலைவனும் தலைவியும் கொண்ட உறவின் நெருக்கத்தை நாம் பெரும்பாலும் தோழியின் வாயிலாகவே அறிகின்றோம். அவள் அவ்வுறவில் பங்குடையவள் அல்லள், அருகே நிற்பவள். குற்றால மலையைப் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் வசந்தவல்லியின் நெஞ்சத்தை வெளிப்படுத்துபவள் அவள் கையைப் பற்றிக் குறிசொல்லும் குறத்தியே. தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் வளம்பெறச் செய்த அவ்விலக்கிய வகையைப் பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயக சாத்திரியார் மேற்கொண்டு பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். குற்றாலம் நின்ற இடத்தில் பெத்லகேம் வந்து நின்றது. உறவின் அருகே நிற்பவர் வாயிலாக உறவைப் புலப்படுத்தும் தமிழ்முறை கிறித்தவ இலக்கியத்திற்கு எளிதில் பொருந்தியது என்பதற்கு அதுவே சான்று.

4. தேம்பாவணியின் தலைவன்

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் தமிழகம் போந்து, 1726இல் தேம்பாவணியை நிறைவேற்றினார். மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடலும் கொண்டது அக்காப்பியம். அதன் தலைவன் கிறித்து அல்லன். வளன் எனத் தமிழ்ப்பெயர் பெற்ற சூசையே. கிறித்துவின் பிறப்பைக் கூறும் மகவருள் படலமும், இடையரும் பிறரும் வந்து காணும் காட்சிப் படலமும் வளனுடைய வாழ்க்கை என்னும் வேலிக்குள்ளேயே அமைகின்றன.

இத்தேர்வின் அருமையை ஓவிய வரலாற்றோடு இயைத்துக் காண்பார்க்கே அது முழுதும் விளங்கும். ஐரோப்பிய ஓவியத்தில் பன்னூற்றாண்டு கீழ்மூலையில் ஒடுங்கி அமர்ந்தவன் வளன். அவிலா நகரத்துத் தெரேசம்மையார் (1515–1582) போன்றோரால் பதினாறாம் நூற்றாண்டு முதல் அவன்பால் பத்தி பெருகியது உண்மை. அப்பெருக்கின் வழியினரே முனிவரும். ஆயினும் பத்தி வேறு. காப்பியத் தலைமை வேறு. மூலையில் இருந்தவனை நடுவே கொணரும்போது காட்சி முழுவதும் அவன் நின்ற இடத்திலிருந்து காணப்படுவதாக மாறுகின்றது.

திருவோவியத்தில் சூசையின் ஐயம் ஒரு மூலைக் குறிப்பு. முனிவரோ அதனை ஐயந் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரு படலங்களாக விரித்து, மகவருள் படலத்திற்கு முன்னே நிறுத்தினார். இவ்வைப்புமுறை தற்செயலாக அமைந்தது அன்று. மனைவியின் கருவுற்ற நிலை கண்டு கலங்கிய ஒருவன், அக்கலக்கத்தின் இருளைக் கடந்தபின்பே பிறப்பின் ஒளியைக் காண்கின்றான். கற்போரும் அவனோடு அவ்விருளைக் கடந்தே அவ்விடத்தை அடைகின்றோம். ஓவியன் இருளை வண்ணத்தால் தீட்டினான். காப்பியப் புலவர் அதனை ஐயத்தால் தீட்டினார்.

தேம்பாவணியில் அணியும் வருணனையும் மிகுதி என்றும், மணியும் மலரும் வானவர் இசையும் நிறைந்த அவ்வுலகில் மாட்டுத்தொழுவத்தின் எளிமை மறைந்துவிட்டது என்றும் குறைகூறுவார் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. காப்பிய மரபு பேரொளியை வேண்டும். முனிவர் சிந்தாமணியின் வழிநின்று அதனைத் தாராளமாகவே வழங்கினார். பாடல்களைத் தனித்தனியே எடுத்து நோக்கின் கொரெஜியோவின் கண்கூசும் ஒளியே நினைவிற்கு வரும். ஆனால் காப்பியத்தின் கட்டமைப்பை நோக்கின் வேறொன்று புலனாகும். அப்பேரொளியின் நடுவே நின்று காண்பவன் தச்சுத்தொழில் செய்து உண்பவன், ஐயுற்றவன், பின்னர்த் தெளிந்தவன். காப்பியத்தின் ஒளி பெரிது. காண்பவனின் விளக்கு சிறிது. அணியின் மிகுதியைக் கண்டு அணுக்கம் இல்லை எனத் தீர்ப்பளிப்பார், பாடலைக் கண்டு படலத்தைக் காணாதவர் ஆவர். காப்பியத்தின் அணுக்கம் சொல்லில் மட்டும் தேடத்தக்கது அன்று. யார் கண்ணால் காண்கின்றோம் என்னும் வினாவில் தேடத்தக்கது.

5. மாறிய கை

முனிவர் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் (1593–1652) விளக்கேந்துவாரையே தம் கலையின் உயிராகக் கொண்டவர். ரென் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ள அவரது ‘பச்சிளங்குழந்தை’ என்னும் ஓவியத்தில் இரு பெண்டிர் உளர். ஒருத்தி துணியில் சுற்றிய மகவை ஏந்தியுள்ளாள். மற்றொருத்தி கையில் மெழுகுதிரி. அவள் உயர்த்திய கை சுடரை மறைக்கின்றது. ஒளிவட்டம் இல்லை, வானவர் இலர், விண்மீன் இல்லை. அது கிறித்துவின் பிறப்போ, ஏதேனும் ஓர் ஏழைக் குடியின் பிறப்போ என ஐயுறுமாறு நிற்கின்றது. உண்மையில் அவ்வையமே அதன் வலிமை. பெருமையை முற்றும் நீக்கிச் சிறுமை ஒன்றினாலேயே மருட்கையை விளைவித்த ஓவியம் அது.

அவரே தீட்டியதும் பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளதுமான மற்றோர் ஓவியம் நம் ஆராய்ச்சியை முடித்துவைக்கின்றது. அதில் சூசை முதியவனாய்க் குனிந்து மரத்தில் துளையிடுகின்றான். எதிரே சிறுவனாகிய இயேசு மெழுகுதிரியை ஏந்தி நிற்கின்றான். சுடரை மறைத்த அவன் சிறுவிரல்களின் ஊடே ஒளி சிவந்து கசிகின்றது. அன்று தொழுவத்தில் எவன் வருகைக்காகச் சூசை விளக்கேந்தினானோ, அவன் இன்று சூசையின் வேலைக்காக விளக்கேந்துகின்றான். ஏந்திய கை மாறியது, விளக்கு மாறவில்லை. பேரொளியாகப் பிறந்தவன் ஒரு தச்சனின் பட்டறைக்குச் சிறுவிளக்காக நிற்க இசைந்தான் என்பதைவிட அணுக்கத்திற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இக்காலத்து அச்சிடப்பெறும் பிறப்புப் படங்கள் பலவற்றில் எல்லா முகங்களும் ஒரே அளவாக ஒளிர்கின்றன. குடில்களிலும் மின்விளக்குச் சரம் கூரை முதல் தொட்டி வரை பரவி மின்னுகின்றது. இவற்றை இழித்துரைத்தல் நம் நோக்கம் அன்று. எளியோரின் பத்தி அவற்றில் உண்டு. ஆயினும் எங்கும் ஒளி உள்ள இடத்தில் எவரும் அருகே வரவேண்டுவதில்லை என்பதைச் சுட்டுதல் திறனாய்வாளர் கடமை.

தேம்பாவணியை ஆராயும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேம். காப்பியத்தின் ஒளியை எண்ணிக் கணக்கிடுதலோடு அமையாது, அதனைக் காண்பவன் எங்கே நிற்கின்றான், அவன் கையில் எது உள்ளது என்றும் நோக்குக. குற்றாலத்துச் சித்திரசபையில் தீபம் உயரும்போது நாம் ஆடல்வல்லானைக் காண்கின்றோம். தீபம் ஏந்திய கையை எவரும் நோக்குவதில்லை. வீரமாமுனிவர் நோக்கியது அக்கையையே. அதனையே பாடற்பொருளும் ஆக்கினார்.